மழைநீர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்

நகராட்சியும் பள்ளிக்கூடக் கம்பெனியும் ஒன்றையொன்று நம்பாததால்தான் ஜெராக்ஸம்மாவின் கடைக்கு வியாபாரம் வந்தது. அதே காரணத்தால்தான் கடைக்குள் தண்ணீரும் வந்தது.

தெருவின் ஒரு முனையில் மேடு. மேட்டின் மேல் ஒரு வெற்றுத் திடல் இருந்தது. பெய்த மழையையெல்லாம் யாரையும் கேட்காமல் அது குடித்துக்கொண்டிருந்தது. அதை ஒரு கம்பெனி வாங்கி மூன்று மாடிப் பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கியது. அகலமான கூரை வந்தது, சிமெண்டு போட்ட விளையாட்டுத் திடல் வந்தது, நாற்பது கார் நிற்க இடம் வந்தது. மழைத் தண்ணீர் போக மட்டும் இடம் வரவில்லை. தெருவின் மறுமுனையில் நகராட்சியின் பெரிய கால்வாய். நடுவில், தெரு குழிந்து கிடக்கும் இடத்தில், ஜெராக்ஸம்மாவின் கடை. மேட்டிலிருந்து கால்வாய் வரை ஒரு வடிகால் வெட்டினால் எல்லாம் தீர்ந்தது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் இரண்டு வருட இழுபறி.

இழுபறிக்கு ஒரு குழு இருந்தது. மழைநீர்ச் செலவுப் பங்கீட்டு இணைக் குழு என்று பெயர். நகராட்சி எடுத்துக் கொடுத்த நகலைக் கம்பெனி நம்பவில்லை, ஒரு வரியை மறைத்திருப்பார்கள் என்றது. கம்பெனி எடுத்த நகலை நகராட்சி தொடக்கூட மறுத்தது. எனவே குழு எட்டு மாதம் கூடிப் பேசி, ஜெராக்ஸம்மாவின் கடையை 'நடுநிலை நகலகம்' என்று அறிவித்தது. இரு தரப்பு ஆளும் முன்னால் உட்கார்ந்திருக்க, பக்கத்துக்கு இருபத்து நாலு பிரதி. அறிவிப்பில் ஒரு விதியும் இருந்தது: நகலெடுக்கத் தொடங்கிய மூலக்கோப்பு, கடைசிப் பக்கம் எடுத்து முடியும்வரை கடையை விட்டு வெளியேறக் கூடாது, வெளியேறினால் அதிலுள்ள ஒப்பந்தம் செல்லாது. அந்த விதியையும் ஜெராக்ஸம்மாதான் இருபத்து நாலு முறை நகலெடுத்தாள். அதனால் அது அவளுக்கு மனப்பாடம்.

கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. பழையதை மூத்தது என்றும் புதியதை இளையது என்றும் சொல்வாள். கணவர் பஸ் ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் ஊரில் இருக்கமாட்டார். கடைக்குத் துணை நாத்தனார்தான். நாத்தனாருக்குக் கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்ட பிறகு பெய்த முதல் மழையன்று, நகராட்சிப் பொறியாளரும் கம்பெனி மேலாளரும் பிரதிக்காகக் கடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாசலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே நுழைந்தது.

"சார், தண்ணி உள்ள வருது சார்!" என்று ஜெராக்ஸம்மா கத்தினாள்.

பொறியாளர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "வருதுதான்மா. யாரோட தண்ணின்னு தெரிய வேண்டாமா?"

"தண்ணில என்ன சார் யாரோடது?"

"அப்படிச் சொன்னா எப்படி? இது பள்ளிக்கூடத் தண்ணியா இருந்து, நகராட்சி ஆளு ஒரு வாளி மொண்டு வெளிய ஊத்திட்டா, பொறுப்பை நாங்க ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்குக் கோர்ட்ல அந்த வாளியைத்தான் காட்டுவாங்க."

மேலாளர் எப்போதும் புன்னகைக்கிறவர். யார் வீட்டில் இழவு விழுந்தாலும் அந்தப் புன்னகை கலையாது. "எங்களுக்கும் அதே நிலைமைதான் மேடம். உதவி பண்ண மனசு துடிக்குது. வக்கீல் கையைக் கட்டிப் போட்டிருக்காரு."

"கையைத்தானே கட்டியிருக்காரு? காலால தள்ளுங்க" என்றாள் நாத்தனார்.

இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. மூத்த மெஷினிலிருந்து ஒரு சின்னப் புகை வந்து, அதோடு அதன் ஆயுள் முடிந்தது. மிச்சப் பிரதிகளை இளையதில் எடுத்துக்கொண்டு, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, இருவரும் ஒரே குடையில் கிளம்பிப் போனார்கள். குடை விஷயத்தில் அவர்களுக்குள் பங்குத் தகராறு எதுவும் இல்லை.

அன்றிலிருந்து ஜெராக்ஸம்மாவுக்கு ஒரே கவலை. இளையது இருக்கும்வரைதான் கடை. அதுவும் போனால் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். மறுநாளே செங்கல் வாங்கி, வாசலில் இரண்டு வரிசை வைத்துச் சின்னதாக ஒரு தடுப்புக் கட்டினாள்.

சிமெண்டு காய்வதற்குள் குழு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தண்ணீரும் தெருத் தண்ணீரும் சந்திக்கும் இடம் இந்தக் கடை வாசல்தான் என்று அன்று காலைதான் கண்டுபிடித்திருந்தார்களாம். பங்கைக் கணக்கிட இங்கேதான் அளக்க வேண்டும். ஒரு பெயிண்டர் வந்து கடைச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து கழுத்து உயரம்வரை கோடு கோடாக அளவுகோல் வரைந்தார்.

"எதுக்கு சார் கழுத்துவரைக்கும்?" என்று ஜெராக்ஸம்மா கேட்டாள்.

"எதிர்கால வளர்ச்சியையும் யோசிக்கணும் இல்லையாம்மா" என்றார் பொறியாளர்.

அடுத்த நாள் அவள் கைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. இருபத்து நாலு பிரதி எடுக்கச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். பாதி எடுத்த பிறகுதான் அது தனக்கு வந்த நோட்டீஸ் என்று அவளுக்குத் தெரிந்தது. 'அரசு அளவுகோலுக்கு முன்பாகச் செங்கற்களை வைத்து மழைநீரின் இயல்பான வருகைக்கு இடையூறு செய்தமை' என்று எழுதியிருந்தது. அன்று மாலையே இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்து தடுப்பை உடைத்தார்கள். இரண்டு வருடமாக ஒரு சட்டி மண் அள்ளாத நகராட்சி, இரண்டு வரிசைச் செங்கல்லைப் பத்தே நிமிடத்தில் அள்ளிவிட்டது.

"அண்ணி, தண்ணி உள்ள வந்தா நம்ம தப்பு இல்ல. வராமப் போனாத்தான் நம்ம தப்பாம்" என்று நாத்தனார் சொல்லிவிட்டு, நோட்டீஸை மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள்.

ஆனால் அளவுகோல் உயரத்தைத்தான் சொன்னது, உரிமையாளரைச் சொல்லவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் கம்பெனியுடையது எத்தனை விரல், நகராட்சியுடையது எத்தனை விரல்? குழு ஒரு நிபுணரைக் கூப்பிட்டது. அவர் வந்து, பார்த்து, சாப்பிட்டு, சாயம் போட்டுப் பார்க்கலாம் என்றார். அதன்படி அடுத்த மழைக்கு முன்னால் கம்பெனி ஆட்கள் பள்ளிக்கூடக் கூரையிலும் திடலிலும் மூட்டை மூட்டையாக நீலப் பொடி தூவினார்கள். நகராட்சி ஆட்கள் தெரு முழுக்கச் சிவப்புப் பொடி தூவினார்கள். சிவப்புக்கு நீலம் சமமாக இருக்கிறதா என்று இரு தரப்பும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தன.

மழை பெய்தது. கடைக்குள் வந்து நின்ற தண்ணீர் நல்ல ஊதா நிறத்தில் இருந்தது.

தெருவில் எல்லார் காலும் ஊதா. எதிர்க்கடைத் தையல்காரர் தைத்து வைத்திருந்த பள்ளிக்கூடச் சீருடை அத்தனையும் ஊதா. நாத்தனார் ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்துக் கால் தோல் உரிந்ததுதான் மிச்சம். இந்த முறை இளையதன் அடிப்பலகைக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. ஜெராக்ஸம்மா அதற்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளிக்குப் பக்கத்தில்கூட அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஊதாவைப் பற்றி விசாரிக்க நகராட்சி ஆணையரே வந்தார். தண்ணீர் வடிந்த கடையில், ஊதாச் சேறு படாத ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்.

"நண்பர்களே, நீலம் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது. அதை அவர்கள் மறுக்கவில்லை. சிவப்பு நம்மைச் சேர்ந்தது. அதை நாம் மறுக்கவில்லை. இந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் ஊதா? ஊதாவை அவர்களும் தூவவில்லை, நாமும் தூவவில்லை. நம் எல்லைக்குள் இருந்தவரை தண்ணீர் சிவப்பாகத்தான் இருந்தது என்பதற்குப் புகைப்படம் இருக்கிறது. அது ஊதாவானது இந்தக் கடைக்குள். ஆகவே ஊதாவுக்கு நகராட்சி பொறுப்பாகாது."

"அருமையான விளக்கம்" என்று மேலாளர் கைதட்டினார். "எங்க நிலைப்பாடும் அதேதான்."

இரண்டு வருடத்தில் இரு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ஜெராக்ஸம்மாவின் கடை 'கலப்பிடம்' என்று பதிவேட்டில் ஏறியது.

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?" என்று அவள் கேட்டாள். குரல் உடைந்துவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

"கலக்காமப் பாத்துக்குங்க" என்றார் ஆணையர், கனிவாகத்தான்.

ஒத்துப்போன சூடு ஆறுவதற்குள் வேலையை முடித்துவிடுவது என்று முடிவானது. தண்ணீரைப் பங்கிட முடியாவிட்டால் தெருவைப் பங்கிடுவது. பள்ளிக்கூடத்திலிருந்து கலப்பிடம்வரை கம்பெனி வெட்டும். பெரிய கால்வாயிலிருந்து கலப்பிடம்வரை நகராட்சி வெட்டும். ஆளுக்குப் பாதி, அவரவர் செலவு அவரவருக்கு. இறுதி ஒப்பந்தம் பணி முடிந்த பிறகு. வரைபடத்தை இருபத்து நாலு பிரதி எடுக்கும்போது ஜெராக்ஸம்மா பார்த்தாள். ஒவ்வொரு பிரதியிலும் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"சார், அம்பு ரெண்டும் என் வாசலையே பாக்குது சார்."

"எங்க பாதியில அம்பு சரியாத்தானே இருக்கு?" என்றார் பொறியாளர். "வடிகால் எங்க எல்லையை விட்டு வெளிப்பக்கமா சரியணும். அது எங்க விதி."

"எங்க விதியும் அதான் மேடம்" என்றார் மேலாளர்.

"கால்வாயிலேர்ந்து தண்ணி கடைக்கு வரணும்னா வெட்டறீங்க? கடையிலேர்ந்து கால்வாய்க்குப் போகணும் சார்!"

பொறியாளர் சிரித்துவிட்டார். "அம்மா, நீங்க மொத்தப் படத்தையும் சேத்துப் பாக்கறீங்க. மொத்தத்தையும் சேத்துப் பாக்கற அதிகாரம் இங்க யாருக்குமே கிடையாது."

வெட்டினார்கள். நேர்த்தியாகவே வெட்டினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். மேட்டிலிருந்து ஒரு வடிகால் சரிந்து அவள் வாசலுக்கு வந்தது. கால்வாயிலிருந்து ஒரு வடிகால் சரிந்து அவள் வாசலுக்கு வந்தது. இரண்டும் வாய் திறந்தபடி கடைப் படிக்கு இரு பக்கமும் நின்றன.

திறப்பு விழாவையும் நடுநிலையான இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பதால் கடை வாசலிலேயே பந்தல் போட்டார்கள். ஆணையர் பேசினார். "ஒரு சொட்டுச் செலவுகூட அநியாயமாக நம் தலையில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு மழைக்காலங்களைப் பொறுமையாகக் கழித்தோம். நண்பர்களே, தண்ணீரை வெளியேற்றுவது யாராலும் முடியும். நியாயமாக வெளியேற்றுவதுதான் கடினம்!" கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. பிறகு கடைக்குள் வந்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்க இறுதி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்கள். அதன் பிரதி போனால்தான் இரு பக்கமும் செலவுக்கு அனுமதி கிடைக்கும். நகலெடுப்பை நாளை தொடங்கலாம் என்று சொல்லி, கோப்பை மெஷின் பக்கத்தில் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மழை பிடித்தது. இரண்டு வடிகாலும் தங்கள் கடமையைச் செய்தன. முன்பெல்லாம் மூன்று மணி நேரத்தில் வந்த தண்ணீர் இப்போது இருபது நிமிடத்தில் வந்தது.

ஜெராக்ஸம்மா நகராட்சிக்குப் போன் போட்டாள். "கடைக்குள்ள தண்ணி, சார். மெஷின் போயிடும். யாரையாவது அனுப்புங்க."

"மனு எழுதிக் கொண்டு வாங்கம்மா" என்றது ஒரு குரல்.

"மனுவா? முழங்கால்வரைக்கும் தண்ணி நிக்குது!"

"தமிழ்லயே எழுதலாம்மா, பரவாயில்ல."

நாத்தனார் போனைப் பிடுங்கினாள். "இந்தாங்க, உங்க ஒப்பந்தக் கோப்பு இங்க கீழ்த்தட்டுல இருக்கு. இன்னும் ரெண்டு விரல் ஏறினா ஆணையர் கையெழுத்து கரைஞ்சு கால்வாய்க்குப் போயிடும். அதுக்கு மனு வேணுமா?"

பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு லாரி வந்தது. பின்னாலேயே கம்பெனி வண்டி. எட்டு ஆட்கள், இரண்டு பம்பு, மணல் மூட்டைகள். அந்தத் தண்ணீர் யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நகராட்சிப் பம்பு பள்ளிக்கூடத் தண்ணீரையும் இறைத்தது, கம்பெனிப் பம்பு தெருத் தண்ணீரையும் இறைத்தது. பொறியாளர் முழங்காலளவுச் சேற்றில் விழுந்து எழுந்து, கோப்பைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். ஓரங்கள் மட்டும் நனைந்திருந்தன. மேலாளரின் புன்னகையை முதல்முறையாகக் காணவில்லை.

கடைத் தரை கண்ணுக்குத் தெரிந்தது. ஜெராக்ஸம்மாவுக்கு உயிர் வந்தது. கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

அதற்குள் கோப்பு வண்டியில் ஏறிவிட்டது. கோப்பு ஏறியதும் பம்பு நின்றது. குழாய்களைச் சுருட்டினார்கள். மணல் மூட்டைகளை எண்ணி ஏற்றினார்கள்.

"சார், மழை நிக்கலையே! பம்பை விட்டுட்டுப் போங்க சார்!"

"எதுக்கும்மா? கோப்பை எடுத்தாச்சே" என்றார் பொறியாளர். அவர் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. நடிக்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

வண்டிகள் போயின. தண்ணீர் திரும்ப வந்தது. தையல்காரரும் அவர் மச்சானும் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, நாலு பேருமாக இளையதைத் தூக்கி மேஜை மேல் ஏற்றினார்கள். மேஜை ஆடியது. நோட்டீஸ் செருகியிருந்த கால் மட்டும் ஆடவில்லை. மாலைவரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள் ஜெராக்ஸம்மா. அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த ஆட்கள் மேல் இருந்த கடைசிப் பொட்டு மரியாதையும் போய், மனசு முழுக்க வெறுப்புத்தான் நின்றது. அவர்களால் முடியாது என்றே இரண்டு வருடமாக நினைத்திருந்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை என்று இன்றுதான் தெரிந்தது.

ஆறு நாள் கழித்து, விசிறிக் காற்றில் பக்கம் பக்கமாக உலர்த்தப்பட்ட கோப்பு திரும்பி வந்தது. பொறியாளர் ஒரு நாற்காலியில், மேலாளர் ஒரு நாற்காலியில். ஜெராக்ஸம்மா பதிவேட்டை நீட்டினாள்.

"நகலெடுப்பு தொடங்கியாச்சுன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க சார்."

"என்னம்மா, புதுசா?"

"விதியில இருக்கு சார்."

போட்டார்கள். அவள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். நிதானமாக, அழகாக, இருநூற்றுப் பதினொரு பக்கம் எடுத்தாள். பிறகு மெஷினை அணைத்தாள். மூலக்கோப்பை மூடிக் கட்டி, கீழ்த்தட்டில், அதே இடத்தில் வைத்தாள்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்கேம்மா" என்றார் மேலாளர். "கையெழுத்துப் பக்கம்."

"மெஷின் சூடாயிடுச்சு சார். அன்னிக்கு நனைஞ்சதுல கோளாறு. எப்ப சரியாகும்னு சொல்ல முடியாது."

"அப்ப கோப்பைக் கொடுங்க, நாளைக்குக் கொண்டு வரோம்."

"தொடங்கின மூலக்கோப்பு கடைசிப் பக்கம் முடியறவரைக்கும் கடையை விட்டு வெளிய போகக் கூடாது. போனா ஒப்பந்தம் செல்லாது" என்று ஜெராக்ஸம்மா ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். "எட்டு மாசம் பேசி நீங்க போட்ட விதி சார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலுக்கு வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பொறியாளர் கீழ்த்தட்டைப் பார்த்தார், சுவரில் இருந்த அளவுகோலைப் பார்த்தார், போனை எடுத்தார்.

அன்றே பம்பு வந்தது, கூடவே அதை ஓட்ட ஒரு ஆளும். அடுத்த வாரம் வாசலில் மூன்று வரிசைச் செங்கல் வைத்து நகராட்சியே தடுப்புக் கட்டியது. பதினைந்தாம் நாள் கால்வாய்ப் பக்கத்து வடிகாலைத் தோண்டிச் சரிவைத் திருப்பி, மேட்டு வடிகாலோடு இணைத்தார்கள். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் இப்போது கடையைத் தாண்டி, ஒழுங்காகப் பெரிய கால்வாய்க்குப் போகிறது. செலவை யாரும் பங்கிடவில்லை. 'ஆவணப் பாதுகாப்பு' என்ற தலைப்பில் எழுதியதால் குழுவுக்கே போகவில்லையாம். இதே வேலைக்குத்தான் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பொறியாளர் தினமும் காலையில் வருகிறார். மூத்தது செத்துக் கிடக்கும் மூலையைத் தாண்டித்தான் வருவார், அதை ஒருநாளும் பார்த்ததில்லை. கீழ்த்தட்டின் முன் குனிந்து கோப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

"நனையலையே?"

"நனையலை சார்."

"மேல்தட்டுல வைக்கக் கூடாதாம்மா?"

"மெஷின் பக்கத்துல இருந்தாத்தானே சார் எடுக்க வசதி."

நேற்று அவர் கொஞ்சம் கெஞ்சலாகவே கேட்டார். "அந்த ஒரு பக்கத்தை எப்பம்மா எடுப்பீங்க? செலவு அனுமதி எல்லாம் நின்னு கிடக்கு."

"இந்த மழைக்காலம் முடியட்டும் சார்."

"போன வருஷமும் மழைக்காலம் முடியட்டும்னுதானே சொன்னீங்க? எந்த மழைக்காலம்மா?"

ஜெராக்ஸம்மா மெஷின் பக்கம் திரும்பினாள். யாரோ கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழை இளையதில் வைத்து மூடியை இறக்கினாள். கோளாறு என்று சொல்லப்பட்ட மெஷின் பளிச்சென்று வெளிச்சம் அடித்து, சூடான ஒரு பிரதியைத் தள்ளியது. பொறியாளர் அதைப் பார்த்தார். நாத்தனார் அவரைப் பார்த்தாள்.

"எந்த மழைக்காலம்னு முடிவு பண்ண ஒரு குழு போடுங்க சார்" என்றாள் நாத்தனார். "நகல் நாங்க எடுத்துத் தரோம்."